சீலைத்துண்டு கட்டிய டேங்க்

ஒரு வண்டியின் ஃபிரேமில் இன்னொரு வண்டியின் இன்ஜினை உட்கார வைப்பது பலரும் நினைக்கிற அளவுக்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு. கருமத்தம்பட்டி பஸ் நிறுத்தத்தில் இறங்கி அங்கப்பன் பட்டறை எது என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்கிறவர்கள் கூடவே, "நெதானமான ஆளுங்க" என்றும் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

அய்யா, நான் சொல்லச் சொல்ல எழுத உங்கள் ஏட்டையா உட்கார்ந்தார். முதல் வரியிலேயே என் தகப்பனார் பெயரைத் தப்பாக எழுதினார். வேலையில் கவனம் இல்லாதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆகவே காகிதத்தை வாங்கி நானே எழுதுகிறேன். போன டிசம்பரில் என் பட்டறையில் பெட்ரோல் டேங்க் வெடித்து என் மச்சினன் கிருபாசங்கர் இறந்துபோனதை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அது விபத்து இல்லை. அந்த டேங்க் எந்த வண்டிக்காகத் தயாரானதோ அந்த வண்டியில்தான் இன்றைக்கு இங்கே வந்தேன். வாசலில் நிறுத்தியிருக்கிறேன். வரும்போது பார்த்திருப்பீர்கள்.

அது டர்ட் பைக். ரோட்டில் ஓடுவதற்குச் செய்ததல்ல, மண் மேட்டில் ஏறித் தாவுவதற்குச் செய்தது. ஆர்.எஸ்.புரத்து சசிதர் அதைப் போன தீபாவளிக்கு முன்னால் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தான். மில்காரர் வீட்டுப் பிள்ளை. ஆனால் அந்தப் பவிசெல்லாம் காட்ட மாட்டான், என் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து கடை டீயைக் குடிப்பான். வால்பாறையில் ஒரு எஸ்டேட் மேனேஜர் வைத்திருந்த வெளிநாட்டு வண்டியாம். இன்ஜின் பிடித்துப்போய்ப் பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றாகிக் கிடந்தன. அதற்கு இந்தத் தேசத்தில் ஸ்பேர் கிடையாது. பிளாஸ்டிக் டேங்க் வெயிலில் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. ஆனால் ஃபிரேம் சுத்தமாக இருந்தது. எடை குறைவு, ஒரு இடத்திலும் கோணல் இல்லை.

"பொங்கல் போயி ரெண்டாவது ஞாயித்துக்கெழமை ரேஸுங்கண்ணா. உங்களால முடியுமுங்களா?" என்றான் சசிதர்.

முடியும் என்றேன். நம் ஊரில் மூலைக்கு மூலை ஸ்பேர் கிடைக்கிற ஆர்.எக்ஸ். நூறு இன்ஜினைப் பூட்டுவது, ஒரு பழைய ராஜ்தூத் டேங்கைத் தட்டி அந்த ஃபிரேமில் உட்கார வைப்பது என்று முடிவானது.

என் பட்டறையில் யார் என்ன செய்வார்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அளவு, கடைசல் பிடிக்கிற லேத் இரண்டும் நான். கேஸ் வெல்டிங் கிருபாசங்கர். என் மனைவி நாச்சியம்மாளின் தம்பி. கோபிசெட்டிபாளையத்தில் தென்னந்தோப்புக்கு நடுவில் பிறந்தவன், ஆனால் இரும்பில்தான் அவனுக்குக் கை வந்தது. எட்டு வருடமாக என்னோடு இருந்தான். டேங்க் கழுவுவது நாச்சியம்மாள்.

பழைய டேங்கில் வெல்டிங் வைப்பது விளையாட்டு இல்லை. பெட்ரோல் தீர்ந்து பல மாதம் ஆகியிருந்தாலும் ஆவி உள்ளேயே நிற்கும். சோமனூர்ப் பக்கம் ஒருவன் கழுவாத டேங்கில் நெருப்பு வைத்து, முகத்தில் பாதி இல்லாமல் இன்றைக்கும் நடமாடுகிறான். அவனைப் பார்த்துவிட்டு வந்த அன்று, இனி டேங்கை நான்தான் கழுவுவேன், வேறு யாரும் தொடக்கூடாது என்று நாச்சியம்மாள் சொல்லிவிட்டாள். கொதிக்கிற தண்ணீரில் சலவைச் சோடா போட்டு மூன்று முறை கழுவுவாள். கூழாங்கல் போட்டுக் குலுக்கித் துருவை எடுப்பாள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்து, கொட்டி, இரண்டு நாள் கூரைமேல் காயப்போடுவாள். எல்லாம் முடிந்த பிறகு தன் பழைய நூல் சீலையில் ஒரு துண்டு கிழித்து டேங்க் வாயை மூடிக் கட்டுவாள். அந்தத் துண்டு இருந்தால் டேங்க் சுத்தம் என்று அர்த்தம். கிருபாசங்கர் அதை அவிழ்த்துத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, அதன் பிறகுதான் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைப்பான். துண்டு இல்லாத டேங்கைத் தொடவே மாட்டான். துண்டு கட்டிய டேங்கை ஒரு நாளும் சந்தேகப்பட மாட்டான்.

இன்ஜினுக்கு வருகிறேன். ஃபிரேமில் விட்டிருந்த இடம் ஒரு அளவு, நம் இன்ஜினின் துளைகள் வேறு அளவு. எட்டு மில்லி பிளேட்டில் நாலு தகடு வெட்டி, கிருபாசங்கர் அவற்றை ஃபிரேமோடு பற்றவைத்தான். இன்ஜின் உட்கார்ந்தது. அதைவிட முக்கியம் செயின். இன்ஜின் பல்சக்கரமும் பின்சக்கரத்துப் பல்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நூல் பிடித்துப் பார்த்தேன், ஏழு மில்லி விலகியிருந்தது. லேத்தில் ஒரு வளையம் கடைந்து உள்ளே போட்டேன். நூல் இரண்டையும் ஒட்டிக்கொண்டு நேராக நின்றது. அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கடைவீதிக்குப் போய் நாச்சியம்மாளுக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்தேன். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டில் அவள் இல்லை.

கோபிக்குப் போயிருந்தாள். அவளுடைய அம்மா காளியாத்தாளுக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்ல, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறியிருக்கிறாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். நான் சத்தம் போடவில்லை. மனைவியைத் தெருவுக்குக் கேட்கிற மாதிரித் திட்டுகிற ஜாதி இல்லை நான். அவளுக்கு இடது காது கேட்காது, நாலு வருடம் முன்னால் என் கை பட்டதில் வந்தது. அதனால் அவளிடம் எதைச் சொன்னாலும் வலது பக்கமாகப் போய் நின்றுதான் சொல்வேன். அவ்வளவு கவனமாக இருக்கிறவன். அன்றைக்கும் கையைப் பிடித்துப் பட்டறைக்குக் கூட்டி வந்து, இடது கைச் சுண்டுவிரலை, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் வைத்து, சொல்லாமல் எங்கும் போகக்கூடாது என்று வலது காதில் சொல்லிக்கொண்டே கைப்பிடியைச் சுற்றினேன். இறுகிய பிறகு அரைச் சுற்று. இன்னும் அரைச் சுற்று போயிருந்தால் எலும்பு நொறுங்கியிருக்கும், அரைச் சுற்றில் முறிவதோடு நிற்கும். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள், அதனால் வெளியே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நானே இரண்டு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுப் போட்டேன். வாங்கி வந்த பூவையும் நானே தலையில் வைத்துவிட்டேன்.

மறுநாள் கிருபாசங்கர் கட்டைப் பார்த்தான். வைஸில் மாட்டிக்கொண்டது என்று அவள் சொன்னாள். வேறு வீட்டுத் தம்பியாக இருந்தால் நம்பியிருப்பான். இவன் பட்டறைக்காரன். அவன் என்னிடம் வந்தபோது நான் வண்டியை உதைத்துக் கிளப்புகிற கிக்கரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன்.

"வைஸு தானாச் சுத்தாதுங்க மச்சான்" என்றான்.

நான் கிக்கரில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்தேன்.

"காதுன்னப்போ கீழ விழுந்துட்டேன்னுச்சு, நம்புனனுங்க. போன ஆடில முதுகுல சூடு இருந்துச்சு, சோத்துக் கஞ்சின்னுச்சு, அதையும் நம்புனனுங்க. இனி முடியாதுங்க. அக்காளக் கோபிக்குக் கூட்டீட்டுப் போறனுங்க."

"எப்ப?" என்று கேட்டேன்.

"சசி வண்டியை முடிச்சுக் குடுத்துபோட்டுங்க. கை வெச்ச வேலைய நடுவுல உட்டுட்டுப் போனா நல்லா இருக்காதுங்க. டேங்க்கு ஒண்ணுதான பாக்கி. நாலு நாளு."

எங்கள் பக்கத்து ஆட்களின் குணம் இது. குடும்பத்தை உடைக்கிறேன் என்று சொல்ல வருகிறவனும் 'ங்க' போட்டுத்தான் சொல்வான். ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் உடைப்பான். அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு அவிநாசி பஸ்ஸில் ஏறியிருந்தால் என்னால் என்ன செய்திருக்க முடியும்? அந்த மரியாதைதான் அவனைக் கெடுத்தது.

அந்த இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் அவசரப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். கையில் இருந்த கிக்கரால் முகத்தில் ஒன்று வைத்தேன். ஒன்றுதான். மூக்குத்தண்டு உடைகிற சத்தம் கேட்டது. ரத்தம் ஃபிரேமில் தெறித்தது. அவன் என்னைவிடப் பலசாலி, திருப்பி அடித்திருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன். அடிக்கவில்லை.

"அக்கா புருசனுன்னு பாக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு போனான். நான் ஃபிரேமைத் துடைத்தேன். ரத்தத்தை அப்படியே விட்டால் இரும்பு துருப்பிடிக்கும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு சரியாக வேலைக்கு வந்துவிட்டான். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ராஜ்தூத் டேங்கின் அடிப்பள்ளத்தை மரச்சுத்தியால் தட்டி அகலமாக்கினான். அந்த வெளிநாட்டு ஃபிரேமின் முதுகுக் குழாய் நம் வண்டிகளைவிடத் தடிமன், அது அந்தப் பள்ளத்துக்குள் போக வேண்டும். போனது. இனி பின்பக்கம் போல்ட் போட இரண்டு தகட்டுக் காது வைத்து வெல்டிங் செய்தால் வேலை முடிந்தது. டேங்கை அக்காவிடம் கொடுத்தான். அவள் கட்டுப்போட்ட கையோடு மூன்று முறை கழுவி, நிரப்பி, கொட்டி, கூரைமேல் வைத்தாள்.

அந்த இரண்டு நாளும் நான் யோசித்தேன். கிருபாசங்கரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாச்சியம்மாள் போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். இரண்டும் வேறு வேறு. அவனைத் தடுத்தால் மட்டும் போதாது, இவள் இன்னொரு நாள் தானாகவே போவாள், காளியாத்தாள் ஊட்டுக்கதவு திறந்துதான் இருக்கும். அந்தக் கதவும் அடைபட வேண்டும். தம்பி இவள் கையாலேயே செத்தான் என்று ஆனால் இவள் எந்த முகத்தோடு கோபியில் போய் நிற்பாள்? இரண்டு தகட்டையும் ஒரே போல்ட்டில் பிடிக்க முடியும் என்றால் நான் எப்போதும் ஒரே போல்ட்டைத்தான் போடுவேன்.

வியாழக்கிழமை காலை டேங்க் காய்ந்திருந்தது. அவள் சீலைத்துண்டைக் கட்டிப் பட்டறைத் திண்டில் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். கிருபாசங்கர் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரப் போயிருந்தான். நான் துண்டை அவிழ்த்தேன், கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் குலுக்கிக் கொட்டினேன், மறுபடி கட்டினேன். அவள் போடுகிற முடிச்சு எனக்குத் தெரியும். விரல் உடைந்த பிறகு அவள் முடிச்சு முன்புபோல இறுகவில்லை, ஒரு பக்கம் தளர்ந்து நிற்கும். அதையும் கவனித்து அப்படியே போட்டேன். வாசனை வருமே என்று ஒரு நிமிடம் தயங்கினேன். பிறகுதான் அவன் மூக்கு ஞாபகம் வந்தது. அந்த அடி இதற்கு உதவும் என்று அடிக்கும்போது எனக்குத் தெரியாது. அது தானாக அமைந்தது.

அவன் வந்தான். துண்டை அவிழ்த்து மணிக்கட்டில் சுற்றினான். நான் லேத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். டேங்க் இரண்டு தகடும் சேருகிற தையலில் பிளந்து, அடித்தகடு அவன் கழுத்துக்குக் கீழே வெட்டியது. மேலே தீ. முகத்தில் தோல் சுருண்டு போனது, கண் எது வாய் எது என்று தெரியவில்லை. கேஸ் ரப்பர் குழாய் எரிய ஆரம்பித்ததும் நான் முதலில் வண்டியை வெளியே தள்ளினேன். பிறகு வால்வை மூடினேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள், அது அடுத்தவன் வண்டி. நாச்சியம்மாள் ஓடிவந்து ஈரச் சீலையோடு அவன் மேல் விழுந்து கையாலேயே தீயை அடித்தாள். அவன் கையில் சுற்றியிருந்த துண்டு எரிந்து தோலோடு ஒட்டியிருந்தது. முக்கால் மணி நேரம் உயிர் இருந்தது. வேன் வருவதற்குள் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான்.

"கழுவுனதுதானக்கா?" என்று கேட்டான்.

அவள் அவன் மணிக்கட்டில் ஒட்டியிருந்த துண்டைப் பிடித்துப் பார்த்தாள். கோயமுத்தூர் போகிற வழியில் அவன் இறந்துவிட்டான்.

நீங்கள் வந்தீர்கள். "நாந்தானுங்க கழுவுனேன். செரியாக் கழுவலீங்க போல. கை வலிச்சுதுங்க" என்று அவள் சொன்னதை எழுதிக்கொண்டீர்கள். அவளுக்கு நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் கொடுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. கோபியில் காரியம் நடந்தபோது நாச்சியம்மாள் தன் அம்மா காளியாத்தாளின் காலில் விழுந்து, "உம்பட மகனை நாந்தான் கொன்னுபோட்டேன்" என்று அழுதாள். அந்த அம்மாள் மகளின் உடைந்த விரலையே வெகுநேரம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினாறு முடிந்ததும் நான் இவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை.

சசிதரும் ஒரு நாள் வந்தான். அதற்குள் நான் வேறொரு டேங்கை வெளியே ஒரு பட்டறையில் கொடுத்துத் தட்டி வாங்கி, பூட்டி, வண்டியை முடித்துவைத்திருந்தேன். ஒரே உதையில் கிளம்பியது. அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"கிருபா எங்கீங்கண்ணா உக்காந்திருந்தாரு?" என்று கேட்டான். காட்டினேன். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கு அது வருத்தம்தான். அவ்வளவு சுத்தமான வேலை.

நாச்சியம்மாள் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். ஒரே டம்ளரை மூன்று முறை, ஆறு முறை, சோடா போட்டுக் கழுவுவாள். உள்ளங்கை வெந்து தோல் வெளுத்துவிட்டது. நான் வலது பக்கம் நின்று நல்லவிதமாகச் சொல்லிப் பார்த்தேன், பிறகு ஸ்பேனரால் மணிக்கட்டில் தட்டி நிறுத்தினேன். மற்றபடி நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். எங்கே போகிறாய் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது. அந்த ஐந்து வாரம் போல் நிம்மதி எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து இருந்ததில்லை.

போன திங்கட்கிழமை காளியாத்தாள் பஸ்ஸில் வந்து இறங்கியது. என்னைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே போய், "வா கண்ணு" என்றது. இவள் கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, மாற்றுச்சீலைகூட எடுக்காமல் எழுந்து போய்விட்டாள். பக்கத்துத் தறிக்கூடத்துத் தறிக்காரர்கள் பத்துப்பேர் வாசலில் நின்றுகொண்டிருந்ததால் நான் ஒன்றும் செய்யவில்லை. மகனைக் கொன்றவள் என்று தானே சொல்லிக்கொள்கிற மகளை ஒரு தாய் எப்படிக் கூட்டிக்கொண்டு போவாள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. இதை நான் கணக்கில் எடுக்காமல் விட்டது என் தவறுதான்.

நேற்று கோபிக்குப் போனேன். காளியாத்தாள் வாசலில் கடப்பாரையை நட்டுத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தது. நான் நின்ற நேரம் முழுக்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உரித்தது. நாச்சியம்மாள் கதவுக்குள் நின்றபடியே பேசினாள்.

"நான் கழுவுன டேங்குல எம்பட தம்பி செத்தானுங்க. அந்த ஊட்டுல என்னால இருக்க முடியாதுங்க. நீங்க போங்க."

வேறு ஏதாவது குறை உண்டா என்று கேட்டேன். அவள் காளியாத்தாளைப் பார்த்தாள், பிறகு இதையேதான் திரும்பச் சொன்னாள். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதேதான். ஆகக் காரணம் அது ஒன்றுதான் என்று உறுதியானது. பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவு செய்தேன்.

ஆகவே அய்யா, டேங்க் சுத்தமாகத்தான் இருந்தது. உடைந்த விரலோடும் அவள் மூன்று முறை கழுவினாள், முறைப்படி காயவைத்தாள், முறைப்படி கட்டினாள். கிருபாசங்கரைக் கொன்றது நான். என்னை எத்தனை வருடம் உள்ளே வைக்க வேண்டுமோ வையுங்கள், எனக்கு மறுப்பு இல்லை. ஒரே ஒரு உதவி மட்டும் செய்ய வேண்டும். இதை அப்படியே நகல் எடுத்துக் கோபிக்கு அனுப்பி, யாராவது அவளுடைய வலது காதுப் பக்கம் உட்கார்ந்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுச் சாவி பக்கத்துத் தறிக்கூடத்தில் இருக்கிறது. தன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்துவிட்டால், அவள் ஊட்டுக்குத் திரும்பி வராமல் இருப்பதற்கு இனி ஒரு காரணமும் இல்லை.